மறைவான வேலையும் மனச்சான்றும்

பழைய கார் ஒன்றைக் கண்டு வியப்பவர்கள் அதன் மேற்பக்கத்தையே காண்கிறார்கள். மெருகேறிய வண்ணப்பூச்சும், பளபளக்கும் முகப்பும், தோல் போர்த்திய இருக்கைகளும் அவர்களுடைய கண்ணைக் கவர்கின்றன. அருகில் நின்று புகைப்படம் எடுத்துக் கொள்கின்றனர். அடியில், சேறும் எண்ணெயும் படிந்த இருளில், ஒரு குழந்தையின் உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய இரப்பர்த் துண்டுகள் சில கிடந்து சாலையின் அடிகளையெல்லாம் வாங்கிக் கொண்டிருக்கின்றன என்பதை அவர்கள் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அத்துண்டுகளைத் தம் கையாலேயே மாற்றப் புகுந்தவருக்கு அந்த இருளில் ஒரு வினா காத்திருக்கிறது. யாரும் காணாத இடத்தில் மனிதன் ஏன் செம்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே அவ்வினா.

மோரிஸ் மைனர் என்னும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது அது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியல் வல்லுநரின் சிந்தனையில் உருவானது. 1971ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றது. அதற்குள் 16 இலட்சத்துக்கு நெருங்கியவை ஆலையை விட்டு வெளியேறியிருந்தன. பத்து இலட்சம் என்னும் எண்ணை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரும் அதற்கு உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஐம்பதுகளையும் அறுபதுகளையும் கண்டவர்கள் அதன் உருண்ட முதுகை மறந்திருக்கமாட்டார்கள். பிரித்தானியாவில் இன்றும் அதைப் பேணி வருவோர் பலர். செல்வர்கள் பூட்டிவைத்துப் பார்க்கும் பந்தயக் கார் அன்று அது. எளிய வருவாய் உள்ளவர் வீட்டு முற்றத்தில் நிறுத்திவைத்துத் தாமே பழுதுபார்த்துக் கொள்ளும் வண்டி.

அவ்வண்டியின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஓர் இரும்புக் கரம் அடிச்சட்டத்தோடு இணைக்கிறது. சாலையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் சக்கரம் ஏறி இறங்கும்போது கரமும் ஏறி இறங்கும். கரத்தின் உள்முனையில் பூட்டிய நீண்ட எஃகுத் தண்டு முறுகி நிமிர்ந்து வில்லின் வேலையைச் செய்கிறது. கரம் அடிச்சட்டத்தைச் சந்திக்கும் மூட்டில், இரும்போடு இரும்பு உரசாதபடி, இரப்பர் உருளைகள் இரண்டு இடப்பட்டிருக்கும். பட்டறைகளில் அவற்றைப் ‘புஷ்’ என்பர்.

கதவுக் கீலின்மேல் கதவு திரும்புவதுபோலக் கரம் இந்தப் புஷ்ஷின்மேல் வழுக்கித் திரும்புவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இரப்பரின் உட்புறம் அச்சாணியை இறுகப் பற்றிக்கொள்கிறது. வெளிப்புறம் கரத்தைப் பற்றிக்கொள்கிறது. கரம் அசையும்போது இடையிலுள்ள இரப்பரின் உடலே முறுகிக் கொடுத்துப் பின் தன்னிலைக்கு மீள்கிறது. ஒரு நாள் ஓட்டத்தில் இவ்வாறு அது எத்தனை முறை முறுகி மீள்கிறது என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது.

முறுகுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வண்டி நான்கு சக்கரங்களிலும் தரையில் நிற்கும் நிலையே இரப்பரின் ஓய்வுநிலையாக அமைதல் வேண்டும். அந்நிலையிலிருந்து மேலே சிறிது, கீழே சிறிது என அது முறுகுமாயின் நெடுங்காலம் உழைக்கும். இதனால்தான் இவ்வகைப் புஷ்களுக்குப் பொதுவான விதி ஒன்று ஏற்பட்டது. மூட்டின் நட்டை இறுதியாக இறுக்குவதற்கு முன், வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல் இறங்கியிருக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே இரப்பரின் ஓய்வுநிலையாகிவிடும். பின்னர் வண்டியைத் தரையில் இறக்கியதும் இரப்பர் முறுகிய கோலத்திலேயே நிற்கும். இரவும் பகலும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஓய்வின்றி முறுகியே நிற்கும். வெளியே பார்த்தால் புதிய புஷ்; உள்ளே அது கிழியத் தொடங்கியிருக்கும்.

விதி எளிது. அதைக் கைக்கொள்வதுதான் கடினம். வீட்டில் இந்த வேலையில் இறங்கிய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஓய்வுபெற்றவர், கைத்திறன் உள்ளவர், ஆனால் தொழில்முறை மெக்கானிக் அல்லர். காலையிலேயே ஜாக்கியால் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, அடிச்சட்டத்துக்குக் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டிக்கடியில் புகுந்து உயிரிழந்தோர் உண்டு என்பதை அவர் அறிவார். சக்கரத்தைக் கழற்றினார். முறுகி நிற்கும் எஃகுத் தண்டின் விசை பொல்லாதது. அது கரத்தை எறிந்துவிடாதபடி அதற்கு அடியிலும் ஒரு ஜாக்கியை வைத்துச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். துருப்பிடித்த நட்டோடு நெடுநேரம் போராடினார். பழைய புஷ் வெளியே வந்தபோது அது உருக்குலைந்திருந்தது. இயந்திரத்திலிருந்து பல ஆண்டுகளாகச் சொட்டிய எண்ணெயைக் குடித்து ஊதி, மென்மையாகி, ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. புதியதைச் சோப்பு நீரில் நனைத்து இடத்தில் செலுத்தினார். கரத்தை மீண்டும் பூட்டினார். மாலை வந்துவிட்டது, மழையும் தூறத் தொடங்கிவிட்டது. இனி நட்டை இறுக்க வேண்டியதே மிச்சம்.

இப்பொழுது நட்டு கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. வண்டி உயரத்தில் நிற்பதால் ஸ்பேனரைத் தாராளமாகத் திருப்ப இடம் உண்டு. விதிப்படி நடப்பதென்றால் சக்கரத்தை மாட்டி, வண்டியைச் சாய்தளப் பலகைகளின்மேல் ஏற்றிப் பாரம் இறங்கச் செய்து, பின் குறுகிய இடைவெளியில் முதுகால் ஊர்ந்து புகுந்து, முகத்தில் சேறு உதிர, கையளவு இடத்தில் ஸ்பேனரைச் சிறுகச் சிறுகத் திருப்ப வேண்டும். இன்னும் ஒரு மணி நேர வேலை. இப்போதே இறுக்கினால் இரண்டு நிமிடம். இறுக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? நாளைக்கு வண்டி நன்றாகவே ஓடும். அடுத்த மாதமும் ஓடும். இரப்பர் கிழியும் நாளில், “இக்காலத்தில் விற்கும் புஷ்களின் தரமே இப்படித்தான்” என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நம்புவோரும் உண்டு. ஏனெனில் தரங்குறைந்த புஷ்கள் விற்கப்படுவதும் உண்மையே.

இங்கே அவரைப் பார்க்கும் கண் எது? சட்டத்தின் கண் ஒரு காலத்தில் இருந்தது. பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டு, பத்தாண்டு கடந்த கார்களைச் சோதனைக்கு உட்படுத்தும் முறை தொடங்கியது. பின்னர் அவ்வயது வரம்பு மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. சோதிப்பவர் வண்டிக்கடியில் விளக்கைப் பிடித்து, நெம்புகோலால் மூட்டுகளை அசைத்துப் பார்ப்பார். தேய்ந்த புஷ் அவர் கையில் அகப்படும். ஆனால் 2012ஆம் ஆண்டு நவம்பரில், 1960க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கு அச்சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கெல்லாம் அவ்விலக்கு விரிந்தது. இத்தகைய வண்டிகளை வைத்திருப்போர் அவற்றைப் பேணிக் காப்பவர்கள், அவை ஓடும் தூரமும் குறைவு என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் சில. வண்டியைச் சாலைக்குத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமை உடைமையாளரை விட்டு நீங்கவில்லை. விரும்புவோர் தாமே சோதனைக்குக் கொண்டு செல்லவும் தடையில்லை. கடமை இருக்கிறது; கட்டாயமாகக் காணும் கண்தான் இல்லை. நம்பிக்கை என்பது சில வேளைகளில் கண்காணிப்பைக் காட்டிலும் பெரிய பாரமாகிவிடுகிறது.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் கைகஸ் என்பவனின் மோதிரத்தைப் பற்றிய கதை ஒன்றைக் கூறுகிறார். அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் மோதிரம் அது. அத்தகைய மோதிரம் கிடைத்துவிட்டால் நல்லவனும் தீயவனும் ஒரே வழியில்தான் நடப்பர் என்று அந்நூலில் கிளாக்கன் என்பவர் வாதிடுகிறார். பிடிபடுவோம் என்னும் அச்சமே நேர்மையின் வேர் என்பது அவ்வாதத்தின் சாரம். மோதிரம் கற்பனையாக இருக்கலாம். ஆனால் மழை தூறும் மாலையில் காருக்கு அடியில் படுத்திருப்பவர் அதை அணிந்திருக்கிறார் என்றே சொல்லவேண்டும்.

கிளாக்கனுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் விளைவைக் காட்டுவர். புஷ் கிழிந்தால் சக்கரத்தின் நிலை பிசகும். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எதிரே வருபவன் உயிருக்கு ஆபத்து என்பர். இது பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று. தவறாக இறுக்கப்பட்ட புஷ்களில் பெரும்பாலானவை யாரையும் கொல்வதில்லை. கிழிவதற்கு முன்பே கடகடவென்று ஒலி எழுப்பி எச்சரிக்கின்றன. சலிப்போடு மீண்டும் மாற்றப்படுகின்றன. அவ்வளவே. விபத்து நேரும் என்பதற்காகவே செம்மையாகச் செய்ய வேண்டும் எனின், விபத்து நேராது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் செம்மை தேவையில்லை என்றாகிவிடும். அச்சத்தைப் போலவே விளைவும் உறுதியற்ற அடித்தளந்தான்.

வேறொரு பக்கத்திலிருந்து இதை நோக்கலாம். அந்த வண்டி என்றேனும் கைமாறும். வாங்க வருபவர், “முன்பக்கப் புஷ்களை மாற்றினீர்களா?” என்று கேட்பார். “மாற்றியாயிற்று, எல்லாம் புதியவை” என்னும் விடை கிடைக்கும். அவ்விடையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாங்கிய பற்றுச்சீட்டையும் காட்டலாம். குனிந்து பார்த்தால் கருகருவென்று புதிய இரப்பர் தெரியவும் செய்யும். ஆனாலும் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு நட்டளவு இடைவெளி விழுந்துவிட்டது. அதைச் சொன்னவர் ஒருவரே அறிவார். வாய்மையைப் பேச வந்த வள்ளுவர் சாட்சியை வெளியே தேடாமல் உள்ளத்திலேயே நிறுத்தியதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. (சரிபாராத மேற்கோளை அச்சுக்கு அனுப்பிவிட்டு, நூற்பெயரை மட்டும் சரியாகக் குறிக்கும் எழுத்தாளர் நிலையும் இதுவேயன்றோ!) மறைவான வேலையில் நேரும் பிழை வேலையோடு நின்றுவிடுவதில்லை, அவ்வேலையைப் பற்றிப் பின்னால் பேசும் சொற்களையும் அது கெடுத்துவிடுகிறது. கேட்கத் தெரியாதவர்க்கு, கேட்க வாய்ப்பே இல்லாதவர்க்கு, அந்த வேலை முன்கூட்டியே அளிக்கப்பட்ட ஒரு வாக்குறுதியாகும்.

இந்தச் சிறு உருளை இரப்பரால் ஆனது என்பதும் எண்ணத் தக்கது. 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகள் முளைத்து, 1877ஆம் ஆண்டு 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டு அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் அதன் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மோரிஸ் மைனர் உருவான காலத்தில் உலகுக்கு இயற்கை இரப்பரை மிகுதியாக அளித்த நாடுகளுள் மலாயாவும் ஒன்று. அவ்விரப்பருக்குப் பின்னால் இருந்த கைகளுள் தமிழர் கைகள் எத்தனை என்பதை இந்நாட்டினருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பால்மரம் வெட்டுவதிலும் இதே வினா எழுந்தது. மரப்பட்டையில் பால் மிகுதியாக இருப்பது உட்பகுதியில். மரத்தின் உயிர்ப்படலத்தை ஒட்டிய பகுதியில். வெட்டும் கத்தி அப்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாக நின்றுவிட வேண்டும். சற்றே ஆழமாகச் சென்றால் அன்றைக்குப் பால் கூடும், வாளி நிறையும், நிறுவையில் எடை மிகும். ஆனால் உயிர்ப்படலத்தில் காயம் விழுந்துவிடும். காயம் பட்ட இடத்தில் புதிய பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாய் வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மீண்டும் வெட்ட வரும்போதுதான் அந்தக் கேடு முழுமையாக வெளிப்படும். அப்போது அந்த நிரையில் நிற்பவர் வேறொருவராக இருக்கக்கூடும். மண்டோர் வந்து காயம் பார்ப்பதுண்டு. எனினும் விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் ஒருவர் வெட்டும் சில நூறு மரங்களில் ஒவ்வொன்றையும் எந்த மண்டோரால் பார்க்க முடியும்? குறைந்த கூலி, எடைக்கணக்கு, பசி எல்லாம் ஆழமாக வெட்டு என்றுதான் சொல்லின. ஆயினும் காயமின்றி வெட்டிய கைகள் தோட்டந்தோறும் இருந்தன. வெட்டு நன்றாக விழுந்த மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தே இது இன்னார் கத்தி என்று சொல்லக்கூடிய முதியவர்களும் இருந்தனர்.

தொழிலாளியையும் பொழுதுபோக்குக்காகக் கார் வைத்திருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆழமாக வெட்டியவருக்கு வறுமை என்னும் காரணம் இருந்தது. முற்றத்தில் படுத்திருப்பவருக்கு மழையையும் களைப்பையும் தவிர வேறு காரணம் இல்லை. ஆகவே அவருடைய பொறுப்பே கூடுதலானது. வேலையை அவர்மேல் யாரும் சுமத்தவில்லை. அவரே விரும்பி ஏற்றார்.

இக்காலத்தில் இவ்வினாவிலிருந்து தப்பிக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன புஷ்கள் விற்கப்படுகின்றன. எண்ணெய் அவற்றை எளிதில் கெடுப்பதில்லை. அவை இரப்பரைப் போல முறுகாமல் அச்சாணியின்மேல் திரும்பக்கூடியவையாதலால், எந்த உயரத்தில் வைத்து நட்டை இறுக்கினாலும் பெரிய கேடு இல்லை. அவற்றை வாங்குவோரைக் குறைகூற முடியாது. சாலையின் அதிர்வு வண்டிக்குள் சற்று மிகுதியாக வரும், உரிய பசை இடாவிட்டால் கீச்சிடும், அவ்வளவே. ஆனால் பொருள் மாறியதால் விதி ஒன்று நீங்கியதே தவிர வினா நீங்கவில்லை. அதே வண்டியின் முன்சக்கர மூட்டுகளில் காலந்தோறும் கிரீஸ் செலுத்த வேண்டிய இடங்கள் உண்டு. அவற்றைப் புறக்கணித்தால் மூட்டின் புரிகள் தேய்ந்து, ஒரு நாள் சக்கரமே மடிந்து விழும். அங்கும் யாரும் பார்ப்பதில்லை.

தன்னால் இயலாததை இயலாது என்று ஒப்புக்கொள்வதும் இதில் அடங்கும். தம் கையால் செய்தோம் என்னும் பெருமிதம் இனியது. அந்த இனிமைக்காகத் தெரியாத வேலையில் துணிந்து இறங்குவோர், தம் மகிழ்ச்சியின் விலையைச் சாலையில் செல்லும் பிறர்மேல் ஏற்றிவிடுகின்றனர். எஃகுத் தண்டின் விசையைக் கண்டு அஞ்சி, அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோனவரைக் கோழை என்று சொல்வது பொருந்தாது. தம் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அளந்து வைத்திருப்பவர் அவர்.

மழை மாலையில் நட்டை எதிர்கொண்டிருந்தவரிடம் திரும்பலாம். இடப்பக்கத்து நட்டை அவர் முன்னரே இறுக்கிவிட்டிருந்தார். சக்கரம் தொங்கிய நிலையிலேயே, விதி நினைவுக்கு வருமுன், கைவேகத்தில் இறுக்கிவிட்டிருந்தார். வலப்பக்கத்துக்கு வந்தபோதுதான் நினைவு வந்தது. இது மிக இயல்பாக நேரக்கூடியது. அறியாமல் செய்த பிழைக்கு அதுவரை பழியில்லை. நினைவு வந்த நொடியிலிருந்து அது வேறு கணக்கு. அவர் இடப்பக்க நட்டைத் தளர்த்தினார். இரு சக்கரங்களையும் மாட்டினார். பலகைகளின்மேல் வண்டியை ஏற்றி, அது சில முறை அமிழ்ந்து எழும்படி முன்பக்கத்தை அழுத்திவிட்டு, கைவிளக்கோடு அடியில் புகுந்தார். வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் முடியும் முன்பே விளக்கு மங்கிவிட்டதால், மறுநாள் காலையில் மீண்டும் படுத்தார்.

அவரிடம் ஒரு குறிப்பேடு உண்டு. பழைய கார் வைத்திருப்போரில் பலருக்கு இவ்வழக்கம் உண்டு. வண்டி கைமாறும்போது குறிப்பேடும் உடன் செல்லும். அன்றைய நாளையும், வண்டி ஓடியிருந்த மைல் கணக்கையும், மாற்றிய புஷ்களையும் அதில் எழுதினார். அடுத்த வரியில், பின்பக்கத் தகட்டு வில்லின் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன, அவை மாற்றப்படவில்லை என்றும் எழுதினார். என்றேனும் வண்டியை வாங்க வருபவர் அவ்வரியைப் படிப்பார். அதைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேட்பார். அவர் கேட்கும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும்.